சுவர் யாருடையது, வாஷர் யாருடையது?

*வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் யார் செலவு? குழாய் உடைந்தால் யார் செலவு? சாந்திபுரத்திலும் திருப்பதியிலும் ஒவ்வொரு மழைக்கும் எழும் சண்டைக்குச் சட்டம் சொல்லும் பதில்கள், அவை இன்னும் எட்டாத இடங்கள்.*

2021 நவம்பரில் கொட்டிய பெருமழையில் திருப்பதியின் தெருக்கள் ஆறுகளாயின. அந்த நாட்களில் எம்.ஆர்.பள்ளிப் பகுதியின் ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு வீட்டுக்கு முன்னால் கூட்டம் கூடியது. மண்ணுக்குள் புதைந்திருந்த சிமென்ட் வளையத் தண்ணீர்த் தொட்டி, சுத்தம் செய்துகொண்டிருந்தபோதே தரையைப் பிளந்துகொண்டு பல அடி உயரத்துக்கு எழும்பி நின்றது. காணொளி நாடெங்கும் பரவியது. அதிசயம் என்று சிலர் கும்பிட்டார்கள். காரணம் எளிமையானது. சுற்றிலும் மண் நீரில் ஊறிக் குழைந்திருந்தது. தொட்டியைக் காலி செய்ததும் அதன் எடை குறைந்தது. நிலத்தடி நீர் அதை மேலே தள்ளிவிட்டது.

அப்படி ஒரு தொட்டி வாடகை வீட்டில் எழும்பினால் செலவு யாருடையது? குடியிருப்பவர் தவறு செய்யவில்லை. வீட்டுக்காரரும் தவறு செய்யவில்லை. இது அபூர்வமான நிகழ்வுதான். ஆனால் இதே கேள்வி ஒழுகும் கூரை, காயில் எரிந்த மோட்டார், ஓதம் ஏறிய சுவர் என்ற உருவங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அன்றாடம் வருகிறது. பதில் தெரியாததால் நல்லவர்கள் இருவர் பகையாளிகள் ஆகிறார்கள்.

இந்தச் சண்டைக்கு வேர் ஒன்று உண்டு. பழுதை முதலில் பார்ப்பவர் அங்கே குடியிருப்பவர். அதைச் சரிசெய்வதன் பலனைப் பல ஆண்டுகள் அனுபவிப்பவர் வீட்டுக்காரர். பார்ப்பவர் கையில் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் கண்ணில் பழுது படுவதில்லை. இந்த இடைவெளியை அடைப்பதுதான் வாடகைச் சட்டத்தின் வேலை, வாடகை ஒப்பந்தத்தின் வேலையும் அதுவே.

வாய்ப்பேச்சில் நிற்கும் ஊர்

சாந்திபுரம், சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், குப்பத்துக்கும் பலமநேருக்கும் இடையே உள்ள மண்டலத் தலைமையிடம். ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் கர்நாடகம். ஒரே தெருவில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கேட்கும். குப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள், திராவிடப் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் வரும் மாணவர்கள், மாற்றலில் வரும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் என்று வாடகைக்கு வீடு தேடுபவர்கள் இந்த வட்டாரத்தில் எப்போதும் இருக்கிறார்கள். திருப்பதியில் இந்தத் தேவை இன்னும் பெரியது. பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், தேவஸ்தானப் பணிகள், ஐ.ஐ.டி. என்று அந்த நகரமே வெளியூர்க்காரர்களை வரவேற்று வளர்ந்த நகரம்.

சிற்றூர்களில் பெரும்பாலான குடித்தனங்கள் வாய்ப்பேச்சிலேயே தொடங்குகின்றன. தெரிந்தவர் ஒருவர் சொல்வார், அட்வான்ஸ் கைமாறும், சாவி வரும். எழுத்தில் இருந்தாலும் அது பதினொரு மாதப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் இது. அந்தப் பத்திரத்தில் வாடகை இருக்கும், அட்வான்ஸ் இருக்கும், காலி செய்யச் சொல்லும் காலம் இருக்கும். பழுது பற்றி ஒரு வரிகூட இருக்காது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவருக்குத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ அடித்த பத்திரம் வந்தால், கையெழுத்து போடுவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

பிறகு ஐப்பசி மழை வரும்.

“அண்ணா, சமையல் ரூம்ல மேலயிருந்து சொட்டுது.”

“மழை நிக்கட்டும்மா, மேஸ்திரிய அனுப்பறேன்.”

மழை நிற்கும். சொட்டுவதும் நிற்கும். மேஸ்திரி வரமாட்டார். அடுத்த மழைக்கு அதே பேச்சு மறுபடி நடக்கும்.

சொட்டு ஏன் காத்திருக்காது?

தளத்துக்குள் இறங்கும் நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. முதலில் ஈரத் திட்டு, பிறகு மயிரிழை விரிசல், பிறகு காரை பெயர்ந்து விழுகிறது. முதல் ஆண்டில் மாடியின் வாட்டத்தைச் சரிசெய்து விரிசலை அடைத்தால் முடிந்திருக்கும் வேலை, சில ஆண்டுகளில் தளத்தையே உடைத்துப் போடும் வேலையாகிறது. தாமதத்தின் பெரும் நஷ்டம் வீட்டுக்காரருக்கே.

குடியிருப்பவர் இழப்பது வேறு. ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சை படர்கிறது. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுவசதி அமைப்பு ஒன்றின் வாடகை வீட்டில் நீண்ட நாள் படர்ந்திருந்த பூஞ்சையே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். பெற்றோர் பலமுறை முறையிட்டும், அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையால்தான் பூஞ்சை வந்தது என்று காரணம் காட்டப்பட்டிருந்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், சமூக வாடகை வீடுகளில் உயிருக்கு ஆபத்தான பழுதை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். ஓதம், பூஞ்சை பற்றிய கடுமையான புகாரைப் பத்து வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ‘மழை நிற்கட்டும்’ என்ற பதிலுக்கு அங்கே இனி இடமில்லை. நமக்கும் அப்படி ஒரு நாள் கணக்கு தேவைப்படுகிறது.

1882 தந்ததும் தராததும்

நம் நாட்டில் அடிப்படைச் சட்டம் 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். சிறப்பு வாடகைச் சட்டம் எட்டாத இடங்களிலும், அது பேசாத விஷயங்களிலும் இன்றும் இதுவே வழிகாட்டி. அதன் 108-வது பிரிவு இருவரின் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது.

வீட்டுக்காரர், தனக்குத் தெரிந்து, வருபவரின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத பெரிய குறை ஏதேனும் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். போன மழைக்கு ஒழுகிய கூரையை வெள்ளையடித்து மறைத்து வாடகைக்கு விடுவது இந்த வரிக்கு விரோதமானது. குடியிருப்பவர், வீட்டை எந்த நிலையில் பெற்றாரோ அந்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். பயன்பாட்டில் இயல்பாக வரும் தேய்மானமும், யாராலும் தடுக்க முடியாத சக்தியால் வந்த சேதமும் இதில் சேராது. அவராலோ அவருடைய ஆட்களாலோ சேதம் வந்தால், வீட்டுக்காரர் தெரிவித்த மூன்று மாதத்துக்குள் சரிசெய்து தர வேண்டும்.

திருப்பதித் தொட்டிக்கு இங்கே பதில் கிடைக்கிறது. வெள்ளத்தின் வேலைக்குக் குடியிருப்பவரின் அட்வான்ஸில் கை வைக்க முடியாது. வெள்ளமோ தீயோ புயலோ வீட்டின் முக்கியப் பகுதியை நிரந்தரமாக வாழ முடியாததாக்கிவிட்டால், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையும் குடியிருப்பவருக்கு உண்டு. அவர் விரும்பாவிட்டால் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. கட்டடமே இல்லாமல் போனாலும் வாடகை உரிமை தொடரும் என்று 2014-ல் ஷாஹா ரத்தன்சி கீம்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

இதே பிரிவில் இன்னொரு வரி உண்டு. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, தெரிவித்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். கேட்க இனிக்கும் வரி இது. சிக்கல் ‘கடமைப்பட்ட’ என்ற சொல்லில் இருக்கிறது. எந்தெந்தப் பழுதுக்கு வீட்டுக்காரர் கடமைப்பட்டவர் என்று 1882 சட்டம் பட்டியல் போடவில்லை. ஒப்பந்தத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் விட்டுவிட்டது. ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருக்கும் ஊரில் இந்த உரிமை காற்றில் நிற்கிறது.

பட்டியல் வந்தது

ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இந்தக் குறையை நிரப்புகிறது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்திலும் இத்தகைய அட்டவணை உண்டு. மாதிரிச் சட்டம் தானாக எந்த மாநிலத்தையும் கட்டுப்படுத்தாது. ஆந்திரம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்கள் தம் வாடகைச் சட்டங்களை அந்த வழியில் மாற்றியமைத்திருப்பதாக ஒன்றிய அரசு தெரிவித்திருக்கிறது.

மாதிரிச் சட்டத்தின் பங்கீடு இப்படி இருக்கிறது.

வீட்டுக்காரர் பொறுப்பு: கட்டடத்தின் கட்டுமானப் பழுதுகள் (குடியிருப்பவர் ஏற்படுத்திய சேதம் நீங்கலாக), சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்ப் பைப்புகளை மாற்றுவது, வீட்டின் உள்ளும் வெளியும் உள்ள வயரிங்.

குடியிருப்பவர் பொறுப்பு: குழாயும் அதன் வாஷரும் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிப்பறைப் பீங்கான், வாஷ் பேசின், கீசர் பழுதுகள், சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், சமையலறைப் பொருத்துபொருட்கள், கதவு அலமாரிகளின் பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, தன் உபயோகத்தில் உள்ள தோட்டம்.

கவனித்தால் ஒரு நியாயம் தெரியும். கை படப் படத் தேய்பவை குடியிருப்பவருக்கு, வயதாவதால் கெடுபவை வீட்டுக்காரருக்கு. வாஷர் தேய்வது திறந்து மூடுவதால், சுவருக்குள் இருக்கும் பைப் அரிப்பது ஆண்டுகளால். சுவிட்ச் குடியிருப்பவருடையது, அதற்குப் பின்னால் ஓடும் வயர் வீட்டுக்காரருடையது. சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது சுவிட்ச் மாற்றும் வேலை என்று தட்டிக்கழிக்கக் கூடாது. எர்த்தும் வயரிங்கும் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியவை. கசிவு மின்சாரத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியை வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டிலும் வைப்பது உயிர் காக்கும் கடமை.

ஓர் எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், இந்த அட்டவணை பின்வாங்கிவிடும். ‘எல்லாப் பழுதுகளும் வாடகைதாரரைச் சேர்ந்தவை’ என்ற ஒரே வரி கூரையைக்கூட உங்கள் தலையில் வைத்துவிடும்.

அட்வான்ஸை விழுங்கும் பெயிண்ட்

காலி செய்யும் நாளில் வெடிக்கும் சண்டைகளில் முதலிடம் பெயிண்டுக்கு. பெங்களூரிலும் சென்னையிலும் ஒரு மாத வாடகையை ‘பெயிண்டிங்’ என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெங்களூரில் குடியிருந்து திரும்பும் குப்பம் வட்டாரத்துக்காரர்கள் இதைத் தீர்ந்த விதியாகவே நினைக்கிறார்கள். விதி அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் எழுதாத வரை, மாதிரிச் சட்ட அட்டவணைப்படி வெள்ளையடிப்பும் பெயிண்டும் வீட்டுக்காரர் செலவு.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஹால் முழுக்கக் குழந்தை கிரேயானால் கிறுக்கியிருந்தால், சுவரெல்லாம் ஆணி அறைந்து துளையிட்டிருந்தால், அது தேய்மானம் ஆகாது. அப்போது எவ்வளவு கழிப்பது?

இதற்கு ஜப்பானிடம் தெளிவான கணக்கு உண்டு. வீட்டைக் காலி செய்யும்போது வரும் தகராறுகளுக்காகவே 1998-ல் அங்கே அரசு வழிகாட்டி வெளியிட்டது. வெயிலில் வெளுத்த சுவரும், கட்டில் பீரோ வைத்த தடமும், நாட்காட்டி மாட்டிய சிறு ஊசித்துளையும் வாடகைக்குள் அடங்கிவிடும். சிகரெட் கறையும், பெரிய ஆணித் துளையும் குடியிருந்தவர் செலவு. அதிலும் சுவரில் ஒட்டும் காகிதத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகள் என்று வைத்து, ஆண்டாக ஆக அவர் தர வேண்டிய பங்கு குறைந்துகொண்டே வரும். ஆறாண்டு கழிந்தால் அதன் மதிப்பு ஒரு யென். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்பதை 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் திருத்தத்தில் அவர்கள் எழுதியும் வைத்துவிட்டார்கள்.

இந்த நியாயம் நமக்கும் பொருந்தும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அடித்த பெயிண்ட் ஏற்கெனவே தன் காலத்தை வாழ்ந்துவிட்டது. அதில் ஒரு கறைக்காக வீடு முழுவதும் புது பெயிண்ட் அடிக்கும் தொகையைக் கேட்பது பழைய செருப்புக்குப் புதுச் செருப்பு விலை வாங்குவது. கறை பட்ட சுவருக்கு, எஞ்சிய ஆயுளுக்கு மட்டும் கணக்கிட்டால் இருவருக்கும் வலிக்காது.

மோட்டார் யார் கணக்கு?

டெல்லியில் எழுதிய அட்டவணையில் நம் ஊரின் பெரிய செலவுக்கு இடமில்லை. போர்வெல் மோட்டார்தான் அது. குப்பம், சாந்திபுரம் பகுதியில் தண்ணீர் ஆழத்தில் கிடைக்கிறது. கோடையில் போர் வறளும், தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடும், காயில் எரியும். மின்னழுத்தம் குறைந்தாலும் எரியும். மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில் மோட்டாரை யார் போட்டது, யார் நிறுத்த மறந்தது என்று பஞ்சாயத்து நடக்கும்.

என் கருத்து இது. போர், மோட்டார், பைப், சம்ப் ஆகியவை வீட்டின் உடலைச் சேர்ந்தவை. அவற்றை வாங்குவதும் மாற்றுவதும் காயில் கட்டுவதும் வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை. மின்கட்டணத்தையும் தொட்டி கழுவும் கூலியையும் குடித்தனங்கள் பகிர்ந்துகொள்ளலாம். தண்ணீர் இல்லாதபோது தானே நின்றுவிடும் கருவியைப் பொருத்திவிட்டால், யார் மறந்தது என்ற கேள்வியே எழாது. கீசரிலும் இதே சிக்கல் உண்டு. அட்டவணை கீசர் பழுதைக் குடியிருப்பவரிடம் தருகிறது. ஆனால் உப்புத் தண்ணீர் ஊரில் காயிலில் உப்புப் படிவது எவருடைய கவனக்குறைவும் இல்லை. பத்து வருடப் பழைய கீசர் புதிதாக வந்தவர் கையில் நின்றால், அவரிடம் முழு விலை கேட்பது நியாயமாகாது. இவற்றையெல்லாம் ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதுவதே வழி.

செய்யாவிட்டால் என்ன செய்வது?

தமிழ்நாட்டின் பழைய 1960-ம் ஆண்டுச் சட்டத்தில், வீட்டுக்காரர் பழுது பார்க்காவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கழிக்கும் தொகையும் பொதுவாக ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. மாதிரிச் சட்டம் இதைத் தளர்த்தியது. குடியிருப்பவரே வேலையைச் செய்து, மாத வாடகையில் பாதிக்கு மேற்படாமல் கழித்துவரலாம். வாடகை 6,000 ரூபாய், பழுதுச் செலவு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 3,000 வீதம் ஐந்து மாதத்தில் தீரும். மறுபுறம், குடியிருப்பவர் தன் பங்கைச் செய்யாவிட்டால் வீட்டுக்காரர் செய்து அட்வான்ஸில் கழிக்கலாம், குறைந்த தொகையை அவர் ஒரு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். வாழவே முடியாத நிலையில் உள்ள வீட்டை, எழுத்தில் கேட்டும் சரிசெய்ய மறுத்தால், பதினைந்து நாள் அறிவிப்பில் வெளியேறலாம்.

இரண்டு செயல்களைத் தவிர்த்தே ஆக வேண்டும். கோபத்தில் வாடகையை முழுதாக நிறுத்துவது முதலாவது. தொடர்ந்து இரண்டு மாத வாடகை பாக்கி வெளியேற்றத்துக்கே காரணமாகிவிடும். தண்ணீரையோ கரன்ட்டையோ துண்டித்து ஆளை வெளியேற்றப் பார்ப்பது இரண்டாவது. மாதிரிச் சட்டம் அதைத் தடுத்து, இழப்பீட்டுக்கும் வழி செய்கிறது. மின்சாரம் அடிப்படை வசதி என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

போக்கியத்துக்கோ லீசுக்கோ வீடு எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பவர், பழுதுச் செலவை எதில் கழிப்பார்? கழிக்க மாத வாடகையே கிடையாது. அந்தப் பத்திரத்தில், செலவைத் திருப்பித் தரும் தொகையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

சாவி வாங்கும் நாளில்

• இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். கூரை, சுவர், குழாய், சுவிட்ச் போர்டு, கதவு என்று நிலையைக் குறித்து, படம் எடுத்து, இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

• கடைசியாக பெயிண்ட் அடித்த ஆண்டையும், கீசர், மோட்டார் போட்ட ஆண்டையும் எழுதுங்கள்.

• பழுது தெரிந்த அன்றே படத்தோடு செய்தி அனுப்புங்கள். போனில் சொன்னதையும் எழுத்தில் திரும்பச் சொல்லுங்கள்.

• அவசரப் பழுது எது, எத்தனை நாளில் ஆள் வர வேண்டும், வராவிட்டால் எவ்வளவு தொகை வரை குடியிருப்பவரே செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள்.

• செலவுக்கு ரசீது வாங்குங்கள்.

• வீட்டைப் பார்க்க வருபவர் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டு வரட்டும்.

இருவருக்கும் ஒரு வார்த்தை

வீட்டுக்காரர்களில் பலர் பெரும் பணக்காரர்கள் இல்லை. ஓய்வூதியப் பணத்தில் கட்டிய ஒரே வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டு அதில் மருந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கூரைச் செலவைத் திடீரென்று கேட்டால் கை நடுங்கத்தான் செய்யும். அதனாலேயே வாடகையில் ஒரு பங்கை மாதந்தோறும் பழுதுக்கென்று ஒதுக்குவது அவர்களுக்குப் பாதுகாப்பு. வாடகை முழுவதும் வருமானம் இல்லை. அதில் ஒரு பகுதி அந்தக் கட்டடம் தேய்ந்துபோவதற்கான ஈடு.

குடியிருப்பவரோ, கேட்டால் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறார். இந்த மௌனம் வீட்டுக்காரருக்குச் செய்யும் உதவி இல்லை, அவருடைய சொத்தைக் கண்ணெதிரே சிதைய விடுவது. பழுதைச் சொல்வதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாத வீட்டுக்காரருக்குத்தான் வீடு நெடுநாள் நிற்கும்.

அரசு செய்ய வேண்டியதும் எளிது. பழுதுப் பங்கீட்டுப் பட்டியலோடு கூடிய ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்து, குப்பம், சாந்திபுரம் போன்ற எல்லைப்புற மண்டல அலுவலகங்களில் வைக்க வேண்டும். தனக்குப் புரியும் மொழியில் படித்துக் கையெழுத்துப் போட்டவர், தன் கடமை எது என்று தெரிந்து நடந்துகொள்வார். தன் உரிமையைக் கேட்கவும் தயங்கமாட்டார். வாடகை வீடு இருவருக்கும் பொதுவானது. ஒருவருக்கு அது சொத்து, இன்னொருவருக்கு அது வாழ்க்கை. அதைக் காக்கும் செலவைப் பங்கு போட்டு எழுதிக்கொள்வதில் வெட்கமோ அவநம்பிக்கையோ இல்லை. எழுதாமல் விட்ட நம்பிக்கைதான் முதல் மழையிலேயே கரைந்துபோகிறது.